இருபதுக்கு மேல் போகக் கூடாது

எனக்கு வாய் மோசம் என்று இரண்டு ஊரிலும் பெயர். பிறந்த ஊரான தூத்துக்குடியிலும் உண்டு, கட்டிக்கொடுத்த ஆறுமுகநேரியிலும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். நயமாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஆறுமுகநேரி உப்பளத்தில் மூட்டை ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்குவது வேலை. எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உப்பு அப்போதும் பழைய துறைமுகத்திலிருந்துதான் தோணியில் போனது. அவர் ஓட்டிய பழைய லாரியில் வேகம் காட்டுகிற மீட்டர் மைல் கணக்கு. கதவு ஆடும், பானெட் ஆடும், மீட்டர் முள்ளும் ஆடும். எப்போதும் முப்பதில் ஓட்டுவார். முதலாளி அந்த லாரியை விற்றுவிட்டுப் புதிது வாங்கினார். புது லாரியின் மீட்டர் கிலோமீட்டர் கணக்கு. அதை இவரிடம் யாரும் சொல்லவில்லை. இவரும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மூன்று நாளும் இவர் முள்ளை முப்பதில் நிறுத்தி ஓட்டியிருக்கிறார். தூத்துக்குடியில் மூட்டை தூக்குகிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனார்கள். தோணிக்காரர் முதலாளியிடம் சத்தம் போட்டார். முதலாளி இவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏலே, லாரியில வந்தியா, நடந்து வந்தியா?"

"முப்பதுக்குக் குறையாமத்தான் வந்தேன் அண்ணாச்சி. முள்ளு அசையல."

மெதுவாகப் போகிற மாதிரித் தெரியவில்லையா என்று பிறகு நான் கேட்டேன். தெரிந்ததாம். புது வண்டி, சத்தமும் ஆட்டமும் இல்லை, அதனால்தான் மெதுவாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாராம். கடைசியில் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி மீட்டரில் இருந்த எழுத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். பிறகு டீக்கடைக்குப் போனால் போதும், "மாட்ட அவுத்துக் கட்டிட்டீரா?" என்று கேட்பார்கள். இவருக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டர்தான். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைப் புது மீட்டரில் வைத்துத்தான் பார்ப்பார்.

என் அப்பா வீட்டில் கதை வேறு. அப்பா துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டுகிற சாரங். வீடு மில்லர்புரத்தில். அவருக்குக் காற்று, கப்பல், நீரோட்டம் எல்லாமே நாட் கணக்கு, கடல்காரர்கள் வேகத்தை அளக்கிற கணக்கு. ஒரு நாட் என்பது மைலைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யாராவது வந்து, "இன்னைக்குக் காத்து பதினஞ்சு" என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "பதினஞ்சுன்னா என்ன பதினஞ்சு? நாட்டா, மைலா, பதினஞ்சு வடையா?" என்பார். வெறும் எண்ணைச் சொல்கிறவன் எதையும் சொல்லவில்லை என்பது அவர் கட்சி. கோபத்தோடு சேர்த்து அந்தப் புத்தியும் அவரிடமிருந்து எனக்கு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். நான் ஆம்பளை மாதிரி வேகமாக நடக்கிறேன், அதனால்தான் நிற்கவில்லை என்று தெருவில் பேசினார்கள். என் காதுபடப் பேசினார்கள். தண்ணீர்க் குடத்தோடு போகும்போது வேண்டுமென்றே இன்னும் வேகமாக நடப்பேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். அதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது நின்றபோது தூத்துக்குடியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். நாசரேத் பக்கத்துக்காரர். தலை நரைத்தவர், கண்டிப்பானவர். முதலில் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். ஆறுமுகநேரி என்றதும், "அடேயப்பா, இருபது மைல் இருக்குமே" என்றார். சோதித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாய் பலவீனம், படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்றார். வேகமாக நடப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவராகவே சொன்னார். அதற்காகவே அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது. ஏழாம் மாதம் முடிந்ததும் அம்மா வீட்டுக்கு வந்துவிட வேண்டும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். பஸ் கூடவே கூடாது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர் என்று தெரிந்ததும் அவர் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"நீங்களே கூட்டிட்டு வாங்க. ஆனா இருபதுக்கு மேல போகக் கூடாது. புரியுதா?"

இவர் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார்.

அந்த நாளும் வந்தது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்று முதலாளியே சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் என்னை ஏற்ற மாட்டாராம். காலி லாரியையும் வேண்டாம் என்றார். காலி லாரி துள்ளும், அடியில் இருக்கிற வில்லுப் பட்டை தூக்கிப் போடும். முழு லோடு ஏற்றினால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டி திணறும். பாதி லோடு ஏற்றி, மூட்டையெல்லாம் நடுவில் அடுக்கினால் பட்டை அமுங்கி உட்காரும், மெத்தை மாதிரிப் போகும் என்றார். பாதி லோடுக்கு எவன் டீசல் போடுவான் என்று முதலாளி கேட்டதற்கு, இந்த மாசச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். முதலாளி பிடிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். மனுஷன் கத்துவாரே தவிர மோசமில்லை.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே மூட்டைகளை அவரே நின்று அடுக்க வைத்தார். ஒவ்வொரு மூட்டைக்கும், "இங்கன வை, அங்கன தள்ளு" என்று கத்தினார். பெண்டாட்டியை ஏற்றுகிறானா, பெருமாளை ஏற்றுகிறானா என்று தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் தலையணை, பழைய சேலை எல்லாம் போட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தார். ஊரே பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "தலையணை போதும், வண்டிய எடுங்க" என்றேன்.

எடுத்தார். முள் இருபதுக்கு வந்தது. நின்றுவிட்டது.

லாரியில் அப்படி ஒரு வேகம் இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது. ரோட்டோரத்தில் ஓடிய நாய்க்குட்டி எங்கள் கூடவே கொஞ்ச தூரம் வந்து, அலுத்துப்போய் உட்கார்ந்துகொண்டது. ஆத்தூர் வருவதற்குள் ஒருவர் வாழைத்தாரைக் கட்டிய சைக்கிளில் எங்களைத் தாண்டினார். தாண்டும்போது கேபினை எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, நான் முன்னால போயி லாரி வருதுன்னு சொல்லிருதேன்" என்றார். மற்ற நாளாக இருந்தால் இவர் இறங்கிச் சட்டையைப் பிடித்திருப்பார். அன்று சிரித்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. முந்தும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார்.

"வண்டியில என்னவே, முட்டையா?"

"ஆமாவே, முட்டைதான்" என்றார் இவர்.

நான் வெளியே பார்த்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தெரியக் கூடாது.

ஆத்தூர் பாலத்தில் ஏறும்போது ரோட்டோரக் கல்லைக் கவனித்தேன். அப்போது மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். சில இடத்தில் இரண்டும் நிற்கும். அதைப் பார்த்ததும் டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த அம்மா ஊர் தூரத்தையே மைலில்தான் சொன்னார். அப்படியென்றால் இருபதும் மைலாகத்தான் இருக்கும். ஐந்து மைல் எட்டுக் கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். இவரிடம் சொன்னேன்.

"அத்தான், டாக்டரம்மா சொன்னது மைலு. உங்க மீட்டருல அது முப்பத்திரெண்டு. கொஞ்சம் கூட்டுங்க."

"மைலுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. அவுங்க பேச்சே மைலுதான்."

"சொல்லலேல்லா. இருபதுன்னாங்க. இந்தா இருபது." முள்ளை விரலால் தொட்டுக் காட்டினார். "மைலாவே இருந்தாலும் கொறைச்சுப் போறதுல என்ன கெட்டுப் போச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. முதுகுத் தலையணையைப் பிடுங்கித் திருப்பி வைத்துக்கொண்டேன்.

பாலத்தைக் கடந்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது அவர்தான் பேச ஆரம்பித்தார். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஐந்து வருஷம். அதில் நாங்கள் உட்கார்ந்து பேசியது குறைவு. அவர் வருவார், சாப்பிடுவார், தூங்குவார். நான் திட்டுவேன். அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். இந்த வளைவில் ஒரு கீரி உண்டு, இத்தனை நாளும் வாலைத்தான் பார்த்திருக்கிறேன், இப்படி மெதுவாகப் போனால்தான் அதற்கு முகம் இருப்பது தெரிகிறது என்றார். அந்தா அந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும், இந்த வாய்க்காலில் ஒரு நாள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப்போய் வழுக்கி விழுந்தேன் என்று என்னென்னவோ சொன்னார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பிறகு நானாகவே ஒன்றைக் கேட்டேன். இரண்டாவது பிள்ளை போன அன்று அவர் லாரியில் வந்து இறங்கினார். தெருவில் சொல்லிவிட்டார்கள். உள்ளே வராமல் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாயில் கிடந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். அந்த டயர் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் மனசிலேயே வைத்திருந்தேன். அன்றைக்கு ஏன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டேன்.

எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டார். பிறகு, "உள்ள வந்தா உன் மூஞ்சியப் பாக்கணும்லா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வருஷமாக நான் என்னென்ன நினைத்திருந்தேன். அவருடைய தொடையில் கையை வைத்தேன். அவர் கியர் மாற்றவே இல்லை. மாற்ற வேண்டிய வேகமும் இல்லை.

பழைய காயலைத் தாண்டியதும் வலி வந்தது.

இடுப்பிலிருந்து கிளம்பி அடிவயிற்றுக்கு வந்து நின்று இறுக்கிப் பிடித்துப் பிறகு விட்டது. எனக்கு அந்த வலியைத் தெரியும். இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் தடவை சூட்டு வலி என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கஷாயம் குடித்தேன். இனி ஏமாற மாட்டேன். மறைக்கவும் இல்லை. வலிக்கிறது என்று சொன்னேன்.

அவர் லாரியை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைவெளேர் என்று கண் கூசியது. ஒரு மரம் கிடையாது, ஒரு ஆள் கிடையாது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"நிறுத்தினா வலி நிக்குமா? எடுங்க" என்றேன்.

எடுத்தார். மறுபடியும் இருபது. இன்னொரு வலி வந்து போனது. முள் இருபதிலேயே நின்றது. அவர் கால் ஆக்சிலேட்டரை அழுத்தப் போய் அழுத்தாமல் நிற்பதைப் பார்த்தேன். அழுத்தினால் பிள்ளை குலுங்கிப் போய்விடும். அழுத்தாவிட்டால் வழியிலேயே போய்விடும். அந்த மனுஷன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். வேகமாகப் போகச் சொல்ல எனக்கும் பயம்தான். ஆனால் டாக்டரம்மா கொடுத்த அளவுக்குள்ளேயே இன்னும் இடம் இருக்கிறதே. அதை ஏன் விட வேண்டும்?

"அத்தான், முப்பத்திரெண்டு வரைக்கும் போலாம். அவுங்க சொன்னது அதுதான்."

"யாரு சொன்னா? நீ சொல்லுத. புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னா..."

"ஆச்சுன்னா எனக்குத்தான் ஆவும். எனக்கு ரெண்டு தடவ ஆயிருக்கு. நான் சொல்லுதேன். ஓட்டுங்க."

என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார், தினமும் கேட்கிறதுதானே.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதை மீட்டர் மேல் போட்டு மூடினார். "பழைய வண்டியில இருபது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். காற்று அவர் முகத்தில் எப்படி அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கியரை மாற்றினார். ரோட்டில் எங்கே பள்ளம் என்று அவருக்கு மனப்பாடம். பள்ளம் வருவதற்கு முன்பே, "புடிச்சுக்கோளா" என்பார். வண்டியை ஒதுக்கி இறக்கி ஏற்றுவார். பின்னால் பாதி லோடு உப்பு அசையாமல் உட்கார்ந்திருந்தது. முள்ளக்காடு வருவதற்கு முன் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முள் முப்பதைத் தாண்டி நின்றது. துண்டை விட்டுவிட்டேன்.

லாரியை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கேட்டை மறித்து நிறுத்தினார் என்றே சொல்ல வேண்டும்.

ஊசி போட்டார்கள். காலை உயர்த்திப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா வந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வலி இடைவெளி விட்டு விட்டு வந்து, அப்புறம் நின்றது. சரியான நேரத்துக்கு வந்தீர்கள், இன்னும் தாமதமாகியிருந்தால் ஊசிக்குக் கேட்டிருக்காது என்றார். அந்தப் பிள்ளை அன்று பிறக்கவில்லை. மாதம் நிறைந்து, நான் அதே கட்டிலில் கிடந்து கிடந்து முதுகு புண்ணான பிறகு, ஆரோக்கியமாகப் பிறந்தாள். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஆனால் அன்று மத்தியானம் எங்களுக்கு அது எதுவும் தெரியாது.

வலி நின்றதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. "நீங்க சொன்ன இருபது மைலா, கிலோமீட்டரா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். கேட்ட தோரணை நன்றாக இருந்திருக்காது. நர்ஸ் முறைத்தார்.

"மைல்தான். வேற என்ன?" என்றார் டாக்டரம்மா. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதும்மா. நான் ரிக்‌ஷாவில வர்றவ. 'மெதுவா ஓட்டுங்க'ன்னு சொன்னா ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு மெதுவா. எண்ணாச் சொன்னாத்தான் கேட்கிறாங்க. அதனால இருபதுன்னு சொல்றது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து உட்காரப் பார்த்தேன். நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்த இருபதுக்காக நாய்க்குட்டியிடம்கூடத் தோற்று வந்திருக்கிறோம். ஆனால் இப்போது நினைத்தால் அந்த அம்மா சொன்னது சரிதான். வெறும் மெதுவா என்று சொல்லியிருந்தால் இவர் நாற்பதில் கொண்டுவந்திருப்பார், அது அவருக்கு மெதுவாகவே இருந்திருக்கும்.

ஆம்பளைகள் உள்ளே வரக் கூடாது. இவர் வாசல் திரைக்கு வெளியே நின்றார். திரைக்குக் கீழே அவர் கால் மட்டும் தெரிந்தது. உப்பு ஒட்டி வெடித்த கால். டாக்டரம்மா குனிந்து என் வயிற்றில் மரக்குழலை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, திரையைப் பார்த்து, "டிரைவர், உள்ள வாங்க" என்றார்.

வந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். டாக்டரம்மா அவரைக் குனியச் சொன்னார். குழலின் வாய் அசையாமல் தன் விரலால் பிடித்துக்கொண்டு, இவர் காதை அதில் வைக்கச் சொன்னார். இவர் மண்டியிட்டார். டீசல் வாடையும் வியர்வை வாடையும் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தன. முதலில் ஒன்றும் கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். பிறகு அசையாமல் இருந்தார்.

"என்ன?" என்றேன்.

"அடிக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டரம்மா, இது என்ன இம்புட்டு வேகமா ஓடுது? பயந்துட்டுதோ? கொஞ்சம் மெதுவா அடிக்க மருந்து ஒண்ணும் கெடையாதா?"

"பயப்படல. அதுக்கு அதுதான் சரியான வேகம்."

"நமக்கு மாதிரி இல்லியே."

"உங்களோட அதை ஒப்பிடாதீங்க. நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது அடிச்சா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

நூற்று நாற்பது என்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் காதை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா குழலை என் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அப்போது காவல்காரர் திரைக்கு வெளியே வந்து கத்தினார். வாசலை மறித்து உப்பு லாரி நிற்கிறதாம், ரிக்‌ஷாகூட உள்ளே வர முடியவில்லையாம், எவன் அந்த டிரைவர், உடனே எடுக்கச் சொல்லு என்றார். இவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் மறு கையால் அவர் தலையைப் பிடித்துக் குழலோடு அழுத்திக்கொண்டேன்.

"இருங்க அத்தான்" என்றேன். பிறகு திரைக்கு வெளியே கேட்கும்படி, "பிள்ளைச் சத்தம் கேட்டுக்கிட்டிருக்காரு. கேட்டு முடிச்சிட்டு வருவாரு, பொறும்வே" என்றேன்.

காவல்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். இவர் காதை எடுக்கவில்லை.